மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடா: மாண்டா திருக்கைகளைக் காணச் செல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

மாலே நகரத்துக்கு வடமேற்கே, விரைவுப் படகில் இரண்டரை மணி நேரத் தொலைவில் பா அட்டோல் இருக்கிறது. மொத்தம் 75 தீவுகள். அவற்றில் 13 தீவுகளில்தான் ஊர் மக்கள் வசிக்கிறார்கள். 2011-ல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மாலத்தீவுக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அது. இந்த அட்டோலின் கிழக்கு ஓரத்தில் ஹனிஃபாரு என்ற ஆளில்லாத சின்னத் தீவும், அதை ஒட்டிப் பவளத்திட்டு வளைத்துக் கட்டிய ஒரு விரிகுடாவும் உண்டு. மே முதல் நவம்பர் வரை மாண்டா திருக்கைகள் இரை தேடி இங்கே கூடுகின்றன. சில நாட்களில் நூற்றுக்கும் மேல் வரும். அவ்வப்போது திமிங்கலச் சுறாவும் சேர்ந்துகொள்ளும்.

ஆக்சிஜன் உருளையைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்க வேண்டிய வேலை இங்கே இல்லை. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேல்மட்டத்தில் மிதந்தாலே போதும். ஆனால் நாள் பார்த்துப் போக வேண்டும், விதிகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், கொஞ்சம் நீந்தப் பழகிவிட்டுப் போக வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயணம் ஏமாற்றமாகிவிடும், அல்லது நம்மால் அந்த இடத்துக்குக் கெடுதல் நேரும்.

1. இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

அட்டோல் என்பது பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த வட்டப் பவளத்திட்டு. கடலடி எரிமலை ஒன்று மெல்ல மெல்ல அமிழ, அதன் விளிம்பைச் சுற்றி வளர்ந்த பவளம் மட்டும் வெளிச்சத்தை நோக்கி மேலே மேலே வளர்ந்துகொண்டே வந்தால், கடைசியில் மலை மறைந்து வளையம் மிஞ்சும். சார்லஸ் டார்வின் 1842-ல் சொன்ன விளக்கம் இது. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மூன்றும் ஒரே கடலடி மலைத்தொடரின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தக்காணப் பீடபூமியின் கரும்பாறைகளைக் கக்கிய அதே எரிமலை ஊற்றுதான் இந்தத் தொடரையும் உண்டாக்கியது. மாலத்தீவில் துளையிட்டுப் பார்த்தபோது, எரிமலைப் பாறையைத் தொடுவதற்குள் சுண்ணாம்புப் படிவம் மட்டும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அவ்வளவும் பவளமும் சிப்பியும் பாசியும் விட்டுப்போனவை.

திருக்கைகள் ஏன் ஹனிஃபாருவுக்கு வருகின்றன என்பதற்கும் இந்த அமைப்பில்தான் விடை இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. குறுக்கே தீவுச் சங்கிலி நிற்பதால், ஆழத்தில் இருந்த சத்துள்ள நீர் மேலே கிளம்புகிறது. பிளாங்டன் எனப்படும் மிதவை நுண்ணுயிர்கள் அதில் பெருகி, அட்டோல்களின் கிழக்கு ஓரத்தில் சேர்கின்றன. அந்த நேரத்தில் கடல் ஏற்றம் எதிர்த்திசையிலிருந்து தள்ளினால், பிளாங்டன் நிறைந்த நீர் சுழன்று ஹனிஃபாருவின் புனல் போன்ற வாய்க்குள் புகுந்துவிடும். உள்ளே போனது எளிதில் வெளியே வராது. திருக்கைகளுக்கு அது பந்தி விரித்த இடம்.

ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருக்கை அதிகம் கூடும் நாளில் தண்ணீர் தெளிவாக இருக்காது. பச்சையாகக் கலங்கி, சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத மாதிரி இருக்கும். அந்தக் கலங்கலே அவற்றின் சாப்பாடு. விளம்பரப் படத்தில் வரும் கண்ணாடி நீலத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் முதல் பத்து நிமிடம் முகம் சுளிப்பார்கள். பிறகு அந்தப் பச்சைக்குள்ளிருந்து மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு கரிய உருவம் வாயைத் திறந்தபடி நேரே வரும். அதற்கப்புறம் யாரும் நீலத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

2. நாள் குறியுங்கள்

திருக்கைப் பருவம் மே முதல் நவம்பர் வரை. அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் சிறந்தவை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக, நீர் தெளிவாக இருக்கும்; சுற்றுலாக்காரர்கள் குவிவதும் அப்போதுதான். ஆனால் அந்த மாதங்களில் நீரோட்டம் திசை மாறிவிடுவதால் திருக்கைகள் அட்டோல்களின் மேற்குப் பக்கம் போய்விடும். ஹனிஃபாருவுக்காகவே போகிறவர்கள் ஜனவரியில் டிக்கெட் எடுப்பதில் பொருளில்லை.

மாதத்துக்கு அடுத்து நிலவைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் பெரிதாக இருக்கும். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளாங்டன் விரிகுடாவுக்குள் தள்ளப்படுவதற்கு இந்தப் பெரிய ஏற்றம்தான் உதவுகிறது. இதற்கென்று தனிச் செயலி எதுவும் வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும். ஆடி அமாவாசையிலிருந்து ஐப்பசிப் பௌர்ணமி வரை வரும் எந்த அமாவாசையையோ பௌர்ணமியையோ நடுவில் வைத்து, முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் விட்டுத் தேதி குறியுங்கள். மகாளய அமாவாசையை ஒட்டிய நாட்களுக்கு என் தனி ஓட்டு. வீட்டில் திதி கொடுக்க வேண்டியவர்கள் அடுத்த பௌர்ணமியைப் பார்த்துக்கொள்ளலாம்.

தீவில் நான்கு இரவுக்குக் குறையாமல் தங்குங்கள். ஐந்து என்றால் நல்லது. ஒரே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்ற திட்டம் பெரும்பாலும் தோற்கும். நாட்காட்டி எல்லாம் பொருந்தி வந்தும் திருக்கைகள் வராமல் போகும் நாட்கள் உண்டு. காற்று பலமாக அடித்துப் படகே கிளம்பாத நாட்களும் உண்டு. மழைக்காலப் பயணம் இது. அதற்கேற்ற மனநிலையும் ஒரு மழைச்சட்டையும் பையில் இருக்கட்டும்.

3. போகும் வழியும் தங்கும் இடமும்

மாலத்தீவுக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. இந்தியர், இலங்கையர், மலேசியர், சிங்கப்பூரர் யாராக இருந்தாலும் வந்து இறங்கியதும் கடவுச்சீட்டில் முத்திரை குத்திவிடுவார்கள். தங்குமிட முன்பதிவும் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசு இணையதளத்தில் பயண விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவும் அரசின் தளம் அல்ல.

சுங்கச் சோதனை பற்றி நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மது, பன்றி இறைச்சி, மின்சிகரெட் ஆகியவற்றைக் கொண்டுபோகக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். வழிபாட்டுக்கான விக்கிரகங்களும் தடைப்பட்டியலில் இருக்கின்றன. கைப்பையில் எப்போதும் சின்னப் பிள்ளையார் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாலேயிலிருந்து பா அட்டோலுக்கு இரண்டு வழி. ஒன்று, தரவந்தூ தீவில் இருக்கும் உள்நாட்டு விமான நிலையத்துக்குச் சுமார் இருபது நிமிடப் பறத்தல். இன்னொன்று விரைவுப் படகு. படகு மலிவு, ஆனால் பருவக்காற்றுக் காலத்தில் குலுக்கி எடுக்கும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு, படகின் பின்பகுதியில் உட்காருங்கள். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் விமானத்தில் போவதே நல்லது. வெள்ளிக்கிழமைகளில் படகுச் சேவை குறைவாக இருக்கும் என்பதால் அன்று ஊர் மாறும் திட்டம் வேண்டாம்.

தங்குவதற்குத் தரவந்தூவைத்தான் முதலில் சொல்வேன். மக்கள் வாழும் தீவு, விருந்தினர் இல்லங்கள் உண்டு. எல்லாவற்றையும்விட, அங்கிருந்து ஹனிஃபாரு படகில் சில நிமிடத் தூரம். திருக்கைகள் வந்திருக்கின்றன என்று தகவல் வந்ததும் கிளம்பிப் போய்ச் சேர்ந்துவிடலாம். அட்டோலின் தலைநகரத் தீவான எய்தஃபுஷி, அதைத் தவிர கமதூ, கிஹாதூ போன்ற தீவுகளிலும் தங்கலாம். சொகுசு விடுதிகள் பல உள்ளன, பட்ஜெட் இருந்தால் அதுவும் சரி. ஊர்த்தீவில் தங்கினால் நீங்கள் செலவழிக்கும் பணம் அந்த ஊர்க் குடும்பங்களுக்குப் போகிறது என்பதால் நான் எப்போதும் அந்தப் பக்கம்தான். எங்கே தங்கினாலும் ஓர் இரவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பசுமை வரி சேரும். முன்பதிவு விலையில் அது அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. நீந்தப் பழகுங்கள்

நம் ஊர்களில் கிணற்றிலோ வாய்க்காலிலோ குதித்துப் பழகியவர்கள் தவிர, பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. உயிர்காப்பு மேலங்கி போட்டுக்கொண்டால் மூழ்க மாட்டோம் என்பது உண்மைதான். ஆனால் ஹனிஃபாருவில் மூழ்காமல் இருப்பது மட்டும் போதாது. நீரோட்டம் இருக்கும், படகிலிருந்து சற்றுத் தள்ளித்தான் நீரில் இறங்க வேண்டும், கூட்டத்தோடு சேர்ந்து நகர வேண்டும். பதற்றத்தில் கை காலை உதைக்கிற ஒருவர் போதும், இரை தின்றுகொண்டிருக்கும் திருக்கைகள் கலைந்து போக. பக்கத்தில் பவளம் இருந்தால் அதையும் உடைத்துவிடுவார்.

இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே பக்கத்து நீச்சல் குளத்தில் சேருங்கள். வேகம் வேண்டாம், பாணி வேண்டாம். மூன்று விஷயம் வந்தால் போதும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி வாயால் மட்டும் நிதானமாக மூச்சு விடுவது முதலாவது. மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் பலமாக ஊதி வெளியேற்றுவது இரண்டாவது. ஆரம்பத்தில் இருமல் வரும், பழகப் பழகச் சரியாகிவிடும். மூன்றாவது, துடுப்புக் காலணியோடு இடுப்பிலிருந்து காலை மெதுவாக அசைத்து, தண்ணீர் தெறிக்காமல் முன்னேறுவது. இந்த மூன்றும் கைவந்தபின், கால் எட்டாத ஆழத்தில் பதினைந்து நிமிடம் அலட்டாமல் மிதந்து பாருங்கள். முடிந்தால் நீங்கள் தயார்.

தீவில் இறங்கியதும் நேரே ஹனிஃபாருவுக்கு ஓட வேண்டாம். முதல் நாள் கரையோரத்து அமைதியான இடத்தில், தங்குமிட வழிகாட்டி ஒருவரோடு ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். குளம் வேறு, கடல் வேறு. உப்பு நீர் கொஞ்சம் வாய்க்குள் போகும். கீழே தரை தெரியாதபோது நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பை அங்கேயே தீர்த்துவிட வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. நீச்சல் சுத்தமாக வராதவர்கள் வெட்கப்படாமல் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு பார்க்க ஏற்பாடு செய்வார்கள்.

5. பையில் என்ன இருக்க வேண்டும்

முகக்கண்ணாடி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், மற்றவை வாடகைக்குக் கிடைக்கும். வாங்கும்போது பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை உள்ளிழுங்கள். கையை எடுத்த பிறகும் முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு. மீசை அடர்த்தியாக உள்ளவர்களுக்கு மேல் உதட்டுப் பக்கம் தண்ணீர் கசியும். மீசையின் மேல் ஓரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக் கத்தரித்தால் சரியாகும். பார்வைக் கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள முகக்கண்ணாடியைத் தேடி வாங்குங்கள். அவ்வளவு தூரம் போய் மங்கலாகப் பார்ப்பானேன்?

வெயிலுக்குக் களிம்பைவிட முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால்வரை வரும் இறுக்கமான கால்சட்டையும் மேல். ஆக்ஸிபென்சோன் போன்ற சில வேதிப்பொருட்கள் இளம் பவளத்துக்குத் தீங்கு செய்பவை. பலாவ் நாடு 2020-லேயே அவை கலந்த களிம்புகளைத் தடை செய்துவிட்டது. துணி மறைக்காத இடங்களுக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு உள்ள களிம்பு போதும், அதையும் நீரில் இறங்க அரை மணி முன்னால் தடவிக்கொள்ளுங்கள். முழு உடை போடுவதால் ஊர்த்தீவின் உடைக் கட்டுப்பாடும் தானாகவே நிறைவேறிவிடும்.

6. படகையும் வழிகாட்டியையும் தேர்ந்தெடுங்கள்

ஹனிஃபாருவுக்குத் தனியாகப் போக முடியாது. அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி கூட வர வேண்டும், அனுமதிக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். ஒரே நேரத்தில் 5 படகுகளும் 80 பேரும்தான் உள்ளே இருக்கலாம். ஒரு குழுவுக்கு 45 நிமிடம். காவலர்கள் படகில் சுற்றி வந்து நேரம் பார்ப்பார்கள்.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் மீனவர்கள் இதே விரிகுடாவில் திமிங்கலச் சுறாவை வேட்டையாடினார்கள், ஈரல் எண்ணெய்க்காக. 1995-ல் நாடு முழுக்க அந்த வேட்டை தடை செய்யப்பட்டது. பிறகு உலகம் இந்த இடத்தைக் கண்டுகொண்டது. படகுகள் முட்டி மோத ஆரம்பித்தன. உருளை கட்டிய முக்குளிப்பவர்கள் கீழிருந்து விடும் காற்றுக்குமிழிகள், மேலே இரை தின்னும் திருக்கைகளைக் கலைத்தன. 2009-ல் ஹனிஃபாரு பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியானது. 2012 முதல் உருளையோடு முக்குளிக்கவும் தடை. நாம் கட்டும் கட்டணம் பா அட்டோல் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. காவலர்களின் சம்பளமும் அதிலிருந்துதான். பேரம் பேச வேண்டிய செலவு இல்லை இது.

படகு பேசும்போது நான்கு கேள்வி கேளுங்கள். வழிகாட்டிக்கு ஹனிஃபாரு அங்கீகாரம் உண்டா? ஒரு வழிகாட்டியிடம் எத்தனை பேர்? அனுமதிக் கட்டணம் விலையில் சேர்ந்ததா? திருக்கை இல்லையென்றால் வேறு எந்தத் திட்டுக்குக் கூட்டிப்போவீர்கள்? நான்காவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவருக்குக் கடல் தெரியும். "நூறு சதவீதம் காட்டுகிறேன்" என்று உறுதி கொடுப்பவரை விட்டுவிடுங்கள்.

7. நீருக்குள் நடந்துகொள்ளும் முறை

இந்தப் பயணத்தின் உயிரே இந்த 45 நிமிடம்தான்.

படகிலிருந்து குதிக்காதீர்கள். விளிம்பில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வழுக்கி இறங்குங்கள். திருக்கைகள் இருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளியே இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து வழிகாட்டியின் பின்னால் மெதுவாக நீந்திப் போக வேண்டும். துடுப்புக் காலணி தண்ணீரின் மேல்மட்டத்தை அறையக் கூடாது.

திருக்கை என்றதும் வாலில் விஷ முள் இருக்குமே என்று நமக்குத் தோன்றும். மாண்டாவுக்கு அந்த முள் கிடையாது. பற்களால் கடிக்கவும் செய்யாது. அதன் முழு உணவும் பிளாங்டன்தான். தலைக்கு இருபுறமும் சுருட்டி வைத்திருக்கும் இரண்டு துடுப்புகளைப் பிரித்து, புனல்போல் பிடித்து, வாய்க்குள் நீரைச் செலுத்திச் செவுள்களில் வடிகட்டிக்கொள்ளும். அதனால் உங்களுக்கு அதனிடமிருந்து ஆபத்தில்லை. உங்களால் அதற்குத்தான் தொந்தரவு.

எப்போதும் 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். அது உங்களை நோக்கி வந்தால் அசையாமல் மிதங்கள். வளைந்து போக அதற்குத் தெரியும், ஒரு கை தூரத்தில் வந்து நழுவிவிடும். நாம் பதறி விலகப் போனால்தான் மோதல். முன்னால் நீந்திப் போய் வழி மறிக்காதீர்கள், பின்னால் துரத்தாதீர்கள். பக்கவாட்டில் இருங்கள், அது உங்களைப் பார்க்கும்படி. எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அதன் தோல் மேல் ஒரு வழுவழுப்பான படலம் உண்டு, தொற்றிலிருந்து காப்பது அதுதான். நம் கை பட்டால் அது அழியும். மூச்சடக்கிக் கீழே பாய்வதும் வேண்டாம். கீழிருந்து படம் எடுக்க ஆசையாக இருக்கும், ஆனால் கீழே இருந்து ஓர் உருவம் எழுந்து வந்தால் திருக்கைக் கூட்டம் இரையை விட்டுவிட்டுக் கலைந்துவிடும். கேமராவில் ஃபிளாஷ் கூடாது, செல்ஃபி கம்பை அதன் முகத்துக்கு நீட்டக் கூடாது. திமிங்கலச் சுறா வந்தால் வால் பக்கத்திலிருந்து இன்னும் தள்ளி நில்லுங்கள். அது தெரியாமல் வீசும் வாலே நம்மைத் தூக்கி எறிய வல்லது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கென்றால், மாண்டாக்கள் மிக மெதுவாகப் பெருகும் இனம். பெண் திருக்கை முதல் குட்டி போடவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஓராண்டு சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி, அடுத்த குட்டிக்குப் பல வருடம். அவற்றுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கும் இடங்களில் முக்கியமானது ஹனிஃபாரு. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எழுப்பினால் அந்த இழப்பு அடுத்த தலைமுறை வரை போகும்.

அமைதியாக மிதந்தால் என்னென்ன பார்க்கலாம்? பிளாங்டன் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் தனியாக மேயும். கொஞ்சம் கூடினால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். முன்னால் போவது தப்பவிட்டதைப் பின்னால் வருவது வாங்கிக்கொள்ளும். இன்னும் அடர்த்தியானால், வரிசையின் தலை தன் வாலையே சந்தித்து வட்டமாகிவிடும். ஐம்பதுக்கும் மேற்பட்ட திருக்கைகள் ஒரே திசையில் சுழல, அந்தச் சுழலே பிளாங்டனை நடுவில் இழுத்துச் சேர்க்கும். உலகில் மிகச் சில இடங்களில்தான் இந்தச் சுழல் மேய்ச்சல் காணக் கிடைக்கிறது, அவற்றில் முதன்மையானது ஹனிஃபாரு. சில திருக்கைகள் ஒரே இடத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே இருக்கும். அப்போது வெள்ளை வயிறும் அதிலுள்ள கரும்புள்ளிகளும் நன்றாகத் தெரியும். படம் எடுப்பதென்றால் அந்த நேரத்தில் எடுங்கள். அதன் பயனைக் கடைசியில் சொல்கிறேன்.

வழிகாட்டி கையைத் தூக்கி அழைத்தால் உடனே படகுக்குத் திரும்ப வேண்டும். "இன்னும் ஒரு நிமிடம்" என்று இழுக்காதீர்கள். வெளியே அடுத்த குழு காத்திருக்கிறது.

8. திருக்கை வராத நாளில்

அறையில் உட்கார்ந்து வருத்தப்பட வேண்டாம். பா அட்டோலில் பார்க்க நிறைய இருக்கிறது. சான்றிதழ் பெற்ற முக்குளிப்பவர்கள் தரவந்தூ திலாவுக்குப் போகலாம். கடலடிக் குன்று அது. சின்னஞ்சிறு மீன்கள் திருக்கைகளின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்யும் இடம். 1999 முதல் பாதுகாக்கப்பட்டுவரும் திகாலி ஹா என்ற கடலடித் திட்டில் சாம்பல் நிறச் சுறாக்களைக் காணலாம். கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடுங்கள். பறவைப் பிரியர்களுக்கு ஒல்ஹுகிரி என்ற ஆளில்லாத தீவு. பெரிய கடற்கொள்ளைப் பறவைகள் இரவில் வந்து அடையும் இடங்களில் ஒன்று. படகிலிருந்தே பார்த்துத் திரும்ப வேண்டும்.

நீச்சல் மட்டும் தெரிந்தவர்களுக்குத் தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டே போதுமான அதிசயம். அழுங்காமை சாதாரணமாகக் கண்ணில் படும். கிளிமீன்கள் பவளத்தைக் கரண்டும் சத்தம் காதிலேயே கேட்கும். அவை அரைத்துக் கழிப்பதுதான் கரையிலுள்ள வெண்மணலில் பெரும்பங்கு.

பவளத்தைப் பார்க்கும்போது சில இடங்கள் வெளுத்தும் உடைந்தும் கிடப்பதைக் கவனிப்பீர்கள். பவளம் ஓர் உயிர். அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. கடல் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். அதைத்தான் வெளுத்தல் என்கிறார்கள். 1998-ல் மாலத்தீவின் ஆழம் குறைந்த திட்டுகள் பெரும்பாலும் அழிந்தன. மீண்டு வரும்போது 2016-ல் அடுத்த அடி, 2024-ல் இன்னொன்று. உருண்டையாக வளரும் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். களைப்பாக இருக்கிறதே என்று அதன் மேல் ஒரு நிமிடம் நின்றால், நம் வயதைவிடப் பழைய ஒன்றை நசுக்குகிறோம் என்று பொருள். களைத்தால் மல்லாந்து மிதங்கள், வழிகாட்டியைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், நம்மோடு நேரடித் தொடர்புள்ள ஒரு விஷயம். மாலத்தீவு மீனவர்கள் சூரையைத் தூண்டிலில்தான் பிடிக்கிறார்கள். பெரிய வலைகள் அங்கே வழக்கமில்லை. ஆனாலும் கைவிடப்பட்ட வலைகள் அண்டை நாட்டுக் கடல்களிலிருந்து மிதந்து வந்து அங்கே சேர்கின்றன, பல நேரம் உள்ளே சிக்கிய பங்குனி ஆமைகளோடு. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மாசி, பங்குனியில் முட்டையிட வருகிறதே, அதே இனம். மரபணுச் சோதனையில் இந்திய, இலங்கைக் கரைகளில் பிறந்தவை என்று தெரியவந்தவை அவற்றில் உண்டு. 2013-ல் தொடங்கிய ஆலிவ் ரிட்லி புராஜெக்ட் என்ற அமைப்பு பா அட்டோலிலேயே ஆமை மருத்துவமனை நடத்துகிறது. துடுப்பை இழந்த ஆமைகளை அங்கே பார்க்கும்போது, நம் துறைமுகத்தில் ஓர் கிழிந்த வலை எங்கே போகிறது என்ற கேள்வி தானாக வரும். வழியில் மிதக்கும் வலையைப் பார்த்தால் படகோட்டியிடம் சொல்லுங்கள். உள்ளே ஆமை இருந்தால் நீங்களாக அறுத்துவிடாமல், அவர்கள் வழி அந்த அமைப்புக்குத் தகவல் போகட்டும். வெட்டுக்காயத்தோடு கடலில் விட்டால் அது பிழைப்பது கடினம்.

9. ஊர்த்தீவில் இருக்கும்போது

தெருவில் தோளும் முழங்காலும் மறையும் உடை, ஆணுக்கும் பெண்ணுக்கும். நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். தொழுகை நேரத்தில் கடைகள் கொஞ்ச நேரம் மூடும்.

சாப்பாடு நமக்கு அந்நியமாக இருக்காது. காலையில் மாஸ் ஹுனி: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை பிசைந்து ரொட்டியோடு. யாழ்ப்பாணத்துச் சம்பலிலும் தூத்துக்குடிச் சமையலிலும் போடும் மாசிக் கருவாடு இந்தக் கடலின் சரக்குதான். திரும்பும்போது ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம், சைவர்களுக்குத் தேங்காய் மிட்டாய் இருக்கிறது. சிப்பி, சங்கு, கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு எதையும் பையில் போடாதீர்கள். பவளத்தையும் ஆமையோட்டையும் நாட்டைவிட்டு எடுத்துப் போவது குற்றம். காலிச் சங்கு துறவி நண்டுக்கு வீடு.

10. திரும்பி வந்த பின்

திருக்கையின் வயிற்றுப் புள்ளிகளைப் படம் எடுக்கச் சொன்னேன் அல்லவா? ஒவ்வொரு மாண்டாவுக்கும் அந்தப் புள்ளி அமைப்பு வேறு, மனிதருக்குக் கைரேகைபோல. வாழ்நாள் முழுக்க மாறாது. மாண்டா டிரஸ்ட் என்ற ஆய்வு அமைப்பின் மாலத்தீவுத் திட்டம் 2005-ல் தொடங்கி, இப்படிப் புள்ளிகளை வைத்தே ஆயிரக்கணக்கான திருக்கைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பதிவு செய்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அனுப்பும் படங்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள். செவுள்களுக்கு நடுவேயும் வயிற்றிலும் உள்ள புள்ளிகள் தெரியும் படமாகத் தேர்ந்தெடுத்து, தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்து அவர்கள் இணையதளம் வழியாக அனுப்புங்கள். நிறத்தைத் திருத்தாமல் அசல் படத்தையே அனுப்புவது நல்லது. ஏற்கெனவே பதிவான திருக்கை என்றால் முன்பு எங்கெல்லாம் காணப்பட்டது என்ற அதன் வரலாற்றில் உங்கள் பதிவும் சேரும். புதியது என்றால் அதற்குப் புது எண் விழும்.